ஒரு வரியைச் சொல்லாத ஊர்

எனக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார், அவர் சாகவில்லை, இப்போது சாக முடியாமல் கிடக்கிறார் என்ற மூன்று சங்கதியும் ஒரே நாளில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நீலத் தபாலில் எனக்குத் தெரிந்தன. அதுவரை மாமன் சின்ன வயதிலேயே வாந்திபேதியில் போய்விட்டார் என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றபிறகு, செத்த மாமன் உயிரோடு வந்தால் எப்படி இருக்கும்?

தபால் எழுதியவள் மாமாவின் மகள் எஸ்தர். அப்பா வரவரச் சாப்பாட்டைக் குறைக்கிறார், அத்தை ஒருதடவை வந்து முகம் காட்டினால் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தாள். அம்மா அதைப் படித்தாள், மடித்தாள், கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கிக்கொண்டே அந்தக் கதையை ஒரே ஒருமுறை சொன்னாள்.

நான் பிறப்பதற்கு முந்தி, அப்பா மலாயாவில் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணியாக இருந்தார், லீவில் வந்து திரும்பிப் போயிருந்த நேரம். அம்மா எழுமலைக்கு மேற்கே பிறந்த ஊரில் நாலு வயது சாமு அண்ணனோடு இருந்தாள். ஊரில் வாந்திபேதி கண்டது. வேதக்காரர்கள் என்று சொல்லப்படும் கிறிஸ்தவர்கள் எல்லாரும் கோயில் காம்பவுண்டுக்குள் குடிபோய் கேட்டைப் பூட்டிக்கொண்டார்கள். நோய் கண்ட வீட்டார் உள்ளே வரக்கூடாது என்று கட்டுப்பாடு. கோயில்பிள்ளை, அதாவது கோயிலைக் கூட்டி மணி அடித்துச் சாவி வைத்திருப்பவர், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் தேவசகாயம். காலையில் சாமுவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டுக்குத்தான் ஓடினாள். மருந்துப் பெட்டியும் நல்ல கிணறும் உள்ளேதான் இருந்தன. கேட்டு திறக்கவில்லை. உச்சிப்பொழுதில் பிள்ளை போய்விட்டான். நான் அப்போது அம்மா வயிற்றில் மூன்று மாதம்.

நான் மலாயாவில், சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனை பிள்ளைகளை அந்த நோயிலிருந்து தேற்றி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. உப்பும் சீனியும் கலந்த சுத்தமான தண்ணீரை விடாமல் கொடுத்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும். கேட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு இருந்தது. அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு மாதத்தில் அம்மா நெஞ்சுவலியில் படுத்தாள். மாமாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே ஒரு புதன்கிழமை விடிகாலையில் போய்ச் சேர்ந்தாள்.

செத்த செய்தியைப் பிறந்த வீட்டுக்குத் தபாலில் சொல்வது மரியாதை இல்லை. ஆள் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கிளம்பினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அந்த மனுஷனை நேருக்கு நேர் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றுதான் போனேன். என் கணவர் நல்லவர். மன்னித்துவிட்டு வா, கர்த்தர் நம்மை மன்னிக்கவில்லையா என்றார். நீங்களா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்றீர்கள் என்று கேட்டதும் அலமாரி மேலிருந்து என் பையை இறக்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் மதுரையில் இறங்கினேன். ஆடி மாதம். எங்கள் கெடா மாநிலத்தில் வெயில் ஈரத்துணியைப் போர்த்தினது போல மேலே ஒட்டும். இங்கே உதட்டைப் பிளக்கிற வெயில், கூடவே கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிற காற்று. தல்லாகுளத்தில், என்னோடு வேலை பார்க்கிறவளின் அக்கா ஜெயசீலி வீட்டில் ஒருநாள் தங்கல். அவர் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். அயிரைமீன் குழம்பு வைத்திருந்தார்கள். விரல்நீள மீன், முள்ளெடுக்கிற வேலையே இல்லை, அப்படியே மெல்ல வேண்டியதுதான். எங்கள் ஊர் நெத்திலிச் சம்பலுக்கு இவ்வளவு நாளாக நான் கொடுத்துவந்த மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெயசீலி அக்கா பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்திக்கொட்டையில் பால் எடுக்கலாம் என்பதே எனக்குப் புதுசு. குடித்துக்கொண்டே போகவேண்டிய ஊரின் பெயரைச் சொன்னேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அப்பா ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவராம். அந்த ஊர்க்கோயிலில் ஏதோ சரியில்லை, ஜெபம் பண்ணும்போது கவனித்துப் பார் என்று மட்டும் சொன்னார். என்ன சரியில்லை என்றால், தனக்கும் தெரியாது, அப்பா அதற்குமேல் சொன்னதில்லை என்றுவிட்டார். அந்த ஊர்ப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை பஸ். எங்கள் ஊரில் பஸ்ஸில் ஏறினால் அவரவர் ஜன்னலைப் பார்ப்பார்கள். இங்கே பக்கத்தில் உட்கார்ந்த கையோடு எந்த ஊர், எந்தத் தெரு, பிள்ளைகள் எத்தனை, ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டாய் என்பது வரை கேட்டுவிடுகிறார்கள். செக்கானூரணி தாண்டியதும் பஸ் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. கண்டக்டர் எல்லாரிடமும் குடிக்கிற தண்ணீரை வாங்கி எஞ்சினுக்கு ஊற்றினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் மட்டும் என் பாட்டிலை ஒளித்து வைத்தேன்.

என் பக்கத்தில் தக்காளிக் கூடையோடு ஒரு வயதான அம்மா. உசிலம்பட்டி வரைக்கும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத ஒரே ஆள் அவர்தான். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எழுமலைக்கு வண்டி மாறினேன். அந்த அம்மாவும் மாறினார், மறுபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஞானம்மா மகதான?"

நான் யாரிடமும் அம்மா பெயரே சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்றேன். அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், முன்னால் உட்கார இடமில்லாத இடத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். எழுமலை வரும்வரை திரும்பியே பார்க்கவில்லை. முகஜாடை அப்படி இருக்கிறது போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுமலையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன் முறை வேண்டும். காரத்தில் பெரியப்பா முறை. அங்கிருந்து மாட்டுவண்டி. மேற்கே மலை நீட்டுப்போக்கில் கிடந்தது. இரண்டு பக்கமும் சோளமும் பருத்தியும், இடையிடையே வெறும் செம்மண்ணும். வண்டிக்காரர் ஊருக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே இறக்கிவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்றார். அங்கே தண்ணீர் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கோயில் ஊருக்குக் கிழக்குத் தலைமாட்டில் தனியாக நின்றது. கருங்கல் கோயில், ஓட்டுக்கூரை, சுற்றிலும் ஆள் உயரச் சுவர். முன்னால் இரண்டு பெரிய கல்தூண்கள். கேட்டு இருந்த இடம். கேட்டு இல்லை, தூணில் துருப்பிடித்த கொக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தன. தூண்களுக்கு நடுவே முழங்கால் உயரப் புல். திறந்த வாசலில் ஏன் புல் முளைக்கிறது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு புல்லை மிதித்து நேராக உள்ளே போனேன்.

கிணற்றடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். பேச்சு நின்றது. ஒருத்தி இறைத்துக்கொண்டிருந்த கயிற்றைப் பாதியிலேயே பிடித்தபடி நின்றாள். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தேன்: வடக்குச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடித்து வழி விட்டிருந்தார்கள். அந்த வழி தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஊரே அந்த ஓட்டை வழியாகத்தான் கோயிலுக்கு வந்துபோகிறது.

கூட்டத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். எஸ்தர் மதினி. என்னைவிட ஆறு வயது மூத்தவள், மெலிந்த உடம்பு, காதில் ஒன்றுமில்லை. என்னை அவசரமாகப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் முதல் காரியமாக என் காலைக் கழுவிவிட்டாள். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்தேன். அத்தை நல்லா இருக்காகளா என்று கேட்டாள். அம்மா செத்த செய்தி முதலில் அவள் அண்ணன் காதில்தான் விழவேண்டும். அதனால் மோர் இருக்கிறதா என்று கேட்டுச் சமாளித்தேன்.

மாமா கோயிலை ஒட்டின கோயில்பிள்ளை அறையில்தான் படுத்திருக்கிறார், வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று சொன்னாள். மூன்று வாரமாகக் கருப்பட்டித் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. உயிர் எதற்காக இழுக்கிறது என்று தெரியாமல் இந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். நிலத்தின்மேல் ஆசையோ என்று அவர் காட்டு மண்ணைக் கரைத்து வாயில் விட்டார்கள். பொன்னாசையோ என்று மோதிரத்தை உரசிப் பாலில் கொடுத்தார்கள். போதகர் எண்ணெய் பூசி ஜெபித்தார். எதற்கும் உயிர் போகவில்லை. இப்பப் பாக்கிறியா என்றாள். இரண்டாயிரம் மைல் சுமந்துவந்த நாலு வார்த்தையும் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டன. நாளைக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. வடக்கு ஓட்டை வழியாகத்தான் போனேன். அறுபது எழுபது பேர், தரையில் பாய். போதகர் வயசுப்பையன், பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்க்கிறவர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். பாட்டெல்லாம் எங்கள் கோயிலில் பாடுகிற அதே பாட்டுகள், ஆனால் இங்கே உடுக்கு வைத்து, பாதி வேகத்தில். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. அப்புறம் எல்லாரும் பரமண்டல ஜெபம், இயேசு கற்றுக்கொடுத்த அந்தச் சின்ன ஜெபம், சொன்னோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்க அந்த ஜெபத்தில் ஒரு வரியைச் சொன்னதில்லை. நாங்கள் பிறரை மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்று வருகிற வரி. அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள், அது முடிந்ததும் சேர்ந்துகொள்வாள். சின்ன வயதில் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நான் உரக்கச் சொல்வேன். அந்தப் பழக்கம் எனக்குப் போகவே இல்லை.

அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னேன். கோயிலில் என் குரல் மட்டும்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அறுபது எழுபது பேரும் வாயை மூடி, தலை குனிந்து நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகூட அசையவில்லை. போதகரும் சொல்லவில்லை. ஓட்டுக்கு மேலே காற்று போகிற சத்தம் கேட்டது. அந்த வரிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, சோதனையைப் பற்றிய அடுத்த வரியில் எல்லாரும் ஒரே குரலாகத் தொடங்கினார்கள். அம்மாவின் மௌனம், அளவு பிசகாமல், அத்தனை பேர் வாயிலும் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் கிழவிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஞானம்மா வார்த்தையை விட்டுட்டா, ஞானம்மா மக சொல்லிட்டா என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கோபம்தான் வந்தது. எஸ்தர் மதினியைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கும்போது சொல்லாமல் விட்ட இரண்டு சங்கதியையும் அவள் சொன்னாள்.

சாமுவைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க அம்மா விடவில்லை. அவன் செத்த இடத்திலேயே, அந்தக் கேட்டுக்கு நேராக, இரண்டு தூணுக்கும் நடுவில் புதைக்கச் சொன்னாள். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் என் பிள்ளையை மிதித்துக்கொண்டு வாருங்கள் என்றாள். அதோடு அந்த வாசலில் யாரும் கால் வைக்கவில்லை. மாமா கேட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். ஊரார் வடக்குச் சுவரை இடித்தார்கள்.

நேற்று நான் மிதித்துக்கொண்டு வந்த புல் நினைவுக்கு வந்தது. உள்ளங்கால் கூசியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதினி மிச்சத்தையும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குள் வந்து முன்னால் நின்றிருக்கிறாள். ஜெபத்தில் அந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். நான் சொல்கிற வரைக்கும் இதை ஒருத்தரும் சொல்லக்கூடாது என்றாள். நிறுத்தினார்கள். முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. அந்த இடத்தில் எல்லா ஊரிலும் மூச்சு விடுவார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

போதகர் அங்கே வந்தார். பாவம், அவருக்கும் இது பெரிய இடி. வந்த புதிதில் இரண்டு வாரம் தனியாகச் சொல்லிப் பார்த்தாராம், மூன்றாம் வாரம் தனக்கே நாக்கு எழவில்லையாம். "கர்த்தரு இவுகளை எப்பவோ மன்னிச்சிட்டாரு அக்கா. இவுகதான் வாங்கிக்கிட மாட்டேங்கிறாக" என்றார். இன்றைக்கு நீங்கள் சொன்னது தேவனுடைய செயல் என்றும் சொன்னார்.

தேவனுடைய செயலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பழக்கத்தில் வாய் சொன்னது என்று எரிந்து விழுந்தேன். நான் யாரையும் மன்னிக்கவில்லை. சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வயதிலிருந்து அந்த வரியைச் சொல்கிறேன், மன்னிக்க ஒன்றுமே இல்லாத வாயால். மன்னிக்க ஒன்று இருந்த என் அம்மாதான் அதைச் சொல்லாமல் இருந்தாள். இரண்டு பேரில் யார் அந்த வரியை மதித்தது?

கோபம் ஆறுவதற்குள் போய்விடலாம் என்று மாமாவின் அறைக்குப் போனேன். சின்ன அறை, கயிற்றுக்கட்டில், மணிக்கயிற்றின் நுனி ஜன்னல் வழியாக உள்ளே தொங்கியது. கட்டிலில் எலும்புக்கூடாக ஒரு மனுஷர். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. நர்ஸ் புத்தி முதலில் நாடியைத்தான் பிடித்தது. மெலிவு; ஆனால் ஒழுங்காக அடித்தது. நோய் என்று ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடாததுதான் நோய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"என்னைக்குப் போனா? புதன்கிழமையா?"

எஸ்தர் மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை செத்துப்போன செய்தி அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று வாரமாகிறது, புதன்கிழமை விடிகாலை என்றேன். மாமா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இழுத்தார். பிரித்தால் அரக்குநிறச் சுங்குடிச் சேலை, மடிப்புக் கலையாமல். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மகளை எழுப்பி, உசிலம்பட்டிக்குப் போய் நல்ல சேலை ஒன்று வாங்கிவரச் சொன்னாராம். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துத்தான் மதினி வாங்கிவந்தாள். அன்றைக்கு வைத்த கஞ்சியைத்தான் அவர் முதன்முதலாகத் தொடவில்லை.

அது கோடிச் சேலை. தங்கை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் புதுச்சேலை கொண்டுவர வேண்டும். அதைப் போர்த்தித்தான் பெட்டியை மூடுவது. வேதத்துக்கு வந்தும் இந்தப் பக்கத்தில் அது விட்டுப்போகவில்லை, எங்கள் மலாயாத் தோட்டத்திலும் விட்டுப்போகவில்லை. நல்ல காரியத்துச் சேலை என்றால் மூலையில் மஞ்சள் வைப்பார்கள், கோடிக்கு வைக்கமாட்டார்கள். இதில் மஞ்சள் இல்லை. செத்தவளின் பிள்ளைகள் கைநீட்டி அதை வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் உறவு உண்டு. வாங்காவிட்டால் அன்றோடு அறுந்தது. அம்மாவின் பெட்டியைக் கோடி இல்லாமல்தான் மூடினோம்.

மாமா சேலையை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் நீட்டினார்.

"எம் பிள்ளைக மூணும் உள்ள இருந்துச்சு ஆத்தா. சாவி என் இடுப்புல. நான் கேட்டுக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிட்டேன். அவ என்னைக் கூப்பிடக்கூட இல்ல. அவன்தான் கூப்பிட்டான். மாமா, தண்ணின்னான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கர்த்தருகிட்டக் கேட்டுட்டேன். எம்புட்டோ தடவை. உன் தங்கச்சிகிட்டப் போய்ச் சரிபண்ணிட்டு வான்னுதான் அவரு சொல்றாரு. அவ எங்க, நான் எங்க."

நாலு வார்த்தையும் இப்போது வந்தன. நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைச் சுவருக்கு மேலே தூக்கிப்போட்டிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான் என்றேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சேலையை வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு மதினி சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன், அவளும் அப்படியே.

திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பவேண்டிய நாள். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்தூண்களுக்கு வெளியே போய் நின்றேன். புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. சாமு அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு முப்பத்து மூன்று வயது, அவனுக்கு என்றைக்கும் நாலுதான். அண்ணன் என்று கூப்பிட வாய் கூசியது, அழுகையும் வந்தது. அம்மா நின்ற இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேட்டுக்கு வெளியே நின்றது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். மூன்று மாதத்துக் கரு என்றாலும், என் முகத்திலும் சேர்த்துத்தான் இந்தக் கேட்டைப் பூட்டினார்கள்.

எனக்கு வந்த நஷ்டம் என்னவென்று எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அப்பா போடப் போட அம்மா பிடுங்கிவிடுவாள். இரண்டுமுறை திருடன் வந்தும் திருந்தவில்லை. காய்ச்சலில் கிடந்தால் மருந்தெல்லாம் சரியாகத் தருவாள், மடியில் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். வைத்துக்கொண்டால் நான் போய்விடுவேன் என்று பயம். அது பயம் என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது. அதுவரை என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்? சாமுவுக்குச் செய்ததை மன்னிக்கக் கர்த்தரைத் தவிர ஆளில்லை. எனக்குச் செய்தது மட்டும் என் கையில் இருந்தது. அதையும் கொடுக்க எனக்கு மனசே இல்லை. இருந்தாலும் வடக்கு ஓட்டை வழியாக உள்ளே போனேன்.

மாமா நேற்றுப் பார்த்த அதே மாதிரி கிடந்தார். சேலை நெஞ்சின்மேல் இருந்தது. மதினி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அம்மாவுக்குன்னு இதை நான் வாங்கமாட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இல்ல" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குன்னு குடுங்க. நான் ஆளானப்ப மாமன் வீட்டுச் சீர் எங்கேன்னு தோட்டமே கேட்டுச்சு. மாமன் செத்துட்டான்னு அம்மா சொன்னாங்க. ஒரு சேலைகூட வரல. அதை இப்பக் குடுங்க."

மதினி பதறி எழுந்தாள். கோடியைப் போயி உசிரோட இருக்கவ கட்டுறதா, அடுக்குமா இது என்றாள். மஞ்சள் எடுத்து வாருங்கள் மதினி என்றேன். நின்ற இடத்திலேயே நின்றாள். நானே போய் அவள் வீட்டு அடுப்பங்கரையில் தேடி எடுத்து, தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்தேன். மாமாவின் விரலைப் பிடித்து அதில் தொட்டுக் கொடுத்தேன். அவர் சேலையின் மூலையை எடுத்து மஞ்சள் வைத்தார். விரல் ஆடி ஆடி மூன்று இடத்தில் தீற்றியது.

கதவுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். கஞ்சி மொடமொடப்பு, இடுப்பில் நிற்கவில்லை. எனக்குச் சமாதானம் பொங்கி வழிந்தது என்றெல்லாம் எழுதமாட்டேன். பல்லைப் பிடுங்கின மாதிரி வலித்தது. குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"என் பங்கை மன்னிச்சிட்டேன் மாமா. எனக்குச் செஞ்சதை மட்டும்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். கண்ணீர்கூட அவ்வளவாக வரவில்லை, உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே. கையை விடாமலே கேட்டார்.

"ஞானம்மா?"

மதினி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னிச்சிட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அந்தக் கும்பிடு. சொல்லியிருக்கலாம், கேட்க அம்மா இல்லை. ஆனால் அந்தப் பொய்யை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

"அம்மா ஒண்ணும் சொல்லாமத்தான் போனாங்க மாமா. சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க. அதை நீங்களே போய்க் கேட்டுக்குங்க. அங்க கர்த்தர் நடுவுல இருப்பாரு."

அவர் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெளியே காற்று நின்றிருந்தது. நான் மறுபடி நாடியைப் பிடித்தேன், போய்விடுவாரோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன். மாமா மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"அவ கோவக்காரி. வெறும் வயித்தோட அவ முன்னால போயி நிக்க முடியாது" என்றார். "கஞ்சி இருந்தாக் கொண்டா."